அகத்தி முதல் அந்தமான் வரை

செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரத்திலிருந்து ஒருவர் திருவண்ணாமலைக்குப் புறப்படுகிறார். செஞ்சியில் பேருந்து மாற வேண்டும். பேருந்து ஓடும் நேரத்தைவிட, கோட்டையைப் பார்த்தபடி நிலையத்தில் நிற்கும் நேரம் சில நாட்களில் அதிகமாகிவிடும். வானில் பறப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணுகிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நமக்கு மேற்கே அரபிக்கடலில் இலட்சத்தீவுகள் உள்ளன. அவற்றில் விமான நிலையம் உள்ள தீவு அகத்தி. கிழக்கே வங்கக்கடலில் அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர். 2024இல் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரிட்டனர். இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

உங்கள் பள்ளியிலுள்ள உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல் காட்டும் பாதையே மிகக் குறுகிய வழி. அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். அது சீர்காழிப் பக்கமாக நம் தமிழகத்தைக் கடந்து செல்வதைக் காணலாம்! இனி நூலின் நீளத்தை நிலநடுக்கோட்டின் மீது வைத்து அளந்தால் சுமார் 20.2 பாகை வரும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆகையால் ஒரு பாகைக்கு 111 கி.மீ. எனவே தூரம் சுமார் 2,240 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் மூன்று மணிக்குள் போய்விடும்.

ஆனால் அப்படி ஒரு நேர் விமானம் இல்லை. ஏன்? அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். இருபுறமும் கடல், எளிதில் நீட்ட முடியாது. ஓய்விலிருந்து ஒரே முடுக்கத்தில் புறப்படும் விமானத்துக்குத் தேவையான ஓடுபாதை, வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எழும்பும் வேகம் இருமடங்கானால் ஓடுபாதை நான்கு மடங்கு வேண்டும். ஆகவே பெரிய ஜெட் விமானங்கள் அங்கே இறங்குவதில்லை. ஏ.டி.ஆர். போன்ற சிறிய விசிறி விமானங்கள் இறங்கும். ஆனால் அவை முழுப் பயணிகளுடன் 2,240 கி.மீ. ஒரே மூச்சில் பறக்க இயலாது.

எனவே பயணி கொச்சி, சென்னை வழியாகச் செல்கிறார் என்று கொள்வோம். அகத்தி–கொச்சி 470 கி.மீ., கொச்சி–சென்னை 520 கி.மீ., சென்னை–போர்ட் பிளேர் 1,370 கி.மீ. மொத்தம் 2,360 கி.மீ. கவனித்தீர்களா? தூரம் ஐந்து விழுக்காடுதான் கூடியது! பறக்கும் நேரமோ ஏறத்தாழ ஐந்து மணி. ஒவ்வொரு முறையும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், இறங்கவும் நேரம் செலவாகிறதல்லவா? இரு நிலையங்களிலும் சேர்த்து இன்னும் ஐந்து மணி காத்திருந்தால், சராசரி வேகம் மணிக்கு 236 கி.மீ.தான். இணைப்பு விமானம் தவறினால், இடையில் ஓர் இரவும் கழிந்துவிடும்.

சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. நின்ற நேரமும் அதில் சேரும். தேர்வெழுதச் செல்லும் தீவு மாணவனுக்கும், மருத்துவமனைக்கு விரையும் நோயாளிக்கும் கிலோமீட்டர் முக்கியமன்று, மணிதான் முக்கியம்.

அடுத்த முறை பேருந்தில் செல்லும்போது நீங்களும் நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சராசரி வேகம் உங்களையே வியக்க வைக்கும்!