பழைய இதய மீட்புக் கருவிகள்

இதயம் முறையாகத் துடியாது வெறுமனே நடுங்குங்கால் குருதியோட்டம் நின்றுபோகிறது. அந்நடுக்கத்தை மின்னதிர்ச்சியால் அடக்குவதே மீட்புக் கருவியின் தொழில். 1965இல் பெல்பாஸ்டு நகர மருத்துவர் பாண்ட்ரிட்ஜ் ஆம்புலன்சில் ஏற்றிய கருவியின் எடை ஏறத்தாழ 70 கிலோ! இன்றோ அது கைப்பையளவே.

ஆம்புலன்சுகளுக்குப் புதியவை வந்தபின், பழையவற்றை நூலகத்திலும் நீச்சற்குளத்திலும் வைத்தல் தக்கதே. நெஞ்சழுத்தமும் கிட்டாதவிடத்து, தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கைக் குறைக்கிறதன்றோ? எனினும், துடிப்பைத் தானே ஆராய்ந்து வாய்மொழியால் வழிகாட்டும் தானியங்கி வகையே பொதுமக்களுக்கு ஏற்றது. மருத்துவப் பயிற்சி பெற்றோர்க்கென அமைந்த கருவி நூலகத்தில் வீணே கிடக்கும்.

கருவிக்கு முன்னரே மூப்படைவன மின்கலமும் மார்பில் ஒட்டும் பட்டைகளுமாம். பசை காய்ந்த பட்டை உடலிற் சரிவர ஒட்டாது. அதிர்ச்சியும் இதயத்தை எட்டாது. ஆதலின், இவ்விரண்டும் இன்னும் விலைக்குக் கிடைக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பழங்கருவியை ஏற்றல் வேண்டும்.