ப்ரொபோசலில் எழுதக்கூடாத ஒரு வாக்குறுதி

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்காகத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால், பிரசவ வார்டை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பலருக்கும் வந்து சேரும் வேலை ப்ரொபோசல் எழுதுவது. தாய்மார் நலத் திட்டத்துக்கு நிதி வேண்டும், கடைசித் தேதி நெருங்குகிறது, எழுது என்பார்கள். இதை வெறும் குமாஸ்தா வேலையாக நினைப்பது பெரிய தவறு. ஒரு திட்டம் எதை அளக்கப்போகிறது என்பது அந்தக் காகிதத்தில்தான் முடிவாகிறது. எதை அளக்கிறோமோ அதன் பின்னால்தான் ஆளும் பணமும் போகும். பிரச்சினை விளக்கம், செயல்பாடுகள், பட்ஜெட் எல்லாம் எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் கற்றுக்கொள்ளலாம். நான் பேச விரும்புவது 'லாக்ஃப்ரேம்' அட்டவணையின் மேல் வரிசையைப் பற்றி. 1969இல் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் அமைப்புக்காக உருவாக்கப்பட்டு, பின்பு உலகெங்கும் பரவிய அட்டவணை அது. திட்டத்தின் இறுதி இலக்கும் அதை நிரூபிக்கும் குறியீடும் அங்கேதான் இடம்பெறும். இந்த வட்டாரத்தில் தாய் இறப்பு விகிதம் மூன்றாண்டுகளில் 30 சதவீதம் குறையும் என்று எழுதத்தான் அங்கே கை போகும். அதை எழுதக்கூடாது.

காரணம் எளிய கணக்கு. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் கர்ப்பம், பிரசவம் சார்ந்த காரணங்களால் இறக்கிறார்கள் என்பதே இந்த விகிதம். 2018–20 காலத்தில் இந்தியாவில் அது 97. ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 குழந்தைகள் பிறப்பதாகக் கொண்டால், அங்கே எதிர்பார்க்கக்கூடிய தாய் மரணம் இரண்டு. எதுவுமே மாறாத வட்டாரத்தில்கூட, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மரணமும் நேராமல் போகலாம். நான்கோ அதற்கு மேலோ நேரவும் ஏறக்குறைய அதே வாய்ப்பு உண்டு. ஒரு வருடம் ஏரி நிரம்பி வழிந்தால் மழையின் போக்கே மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியுமா? இந்தியாவின் மாதிரிப் பதிவு முறை சுமார் 80 லட்சம் பேரைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. அதுவே மூன்றாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் மாநிலத்துக்கான எண்ணை வெளியிடுகிறது. மாவட்டத்துக்கு எண் தருவதே இல்லை. அரசின் பெரும் கணக்கெடுப்பே தயங்கி நிற்கும் இடத்தில், ஒரு சிறு நிறுவனம் துணிந்து வாக்குக் கொடுக்கிறது.

வங்கதேசத்தின் மத்லப் பகுதி இதற்கு நல்ல பாடம். பிறப்பு இறப்புப் பதிவில் உலகப் புகழ் பெற்ற இடம் அது. 1987இல் அங்கே ஒரு பகுதிக் கிராமங்களில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அமர்த்தப்பட்டார்கள். பிரசவ மரணங்கள் குறைந்தன; 1991இல் 'லான்செட்' இதழில் அது வெற்றியாக வெளிவந்தது. பிறகு ஆய்வாளர்கள் நீண்ட காலத் தரவை எடுத்துப் பார்த்தபோது, அந்த மருத்துவச்சிகள் இல்லாத அண்டைப் பகுதியிலும் மரணங்கள் அதேபோலக் குறைந்திருந்தது தெரிந்தது. 1997இல் அதே இதழில் வந்த அந்தக் கட்டுரை, தலைப்பிலேயே தன்னை ஓர் எச்சரிக்கை என்று சொல்லிக்கொண்டது. இத்தனை துல்லியமான பதிவுகள் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், மூன்றாண்டுத் திட்டத்தின் இறுதி அறிக்கையில் வரும் குறைவையோ கூடுதலையோ நம்ப வழியில்லை.

அப்படியானால் எதை அளப்பது? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டெபோரா மெய்னும் அவருடைய சகாக்களும் 1980களிலிருந்தே இதற்கு விடை தேடினார்கள். சிகிச்சை கிடைக்காதபோது, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு சராசரியாக இரண்டே மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். அடைபட்ட பிரசவத்துக்கு மூன்று நாள், கிருமித் தொற்றுக்கு ஆறு நாள் என்று அவர்கள் வகுத்துக் காட்டினார்கள். இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கால அளவுகள்தான். சாவுக்கு இவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால், சிகிச்சைக்கு எடுக்கும் நேரத்தை அளப்பதே உயிரை அளப்பதற்கு ஈடாகிவிடுகிறது. கார்னெகி அறக்கட்டளையின் நிதியில் நைஜீரியா, கானா, சியரா லியோன் நாடுகளில் இயங்கிய குழுக்கள் இதைத்தான் செய்தன. நைஜீரியாவின் ஸாரியா நகர மருத்துவமனையில், தாய் வந்து சேர்ந்ததிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை சராசரியாக 3.7 மணி நேரமாக இருந்த தாமதம் 1.6 மணி நேரமாகக் குறைந்தது. ஒரே மருத்துவமனையில் எண்ணிப் பார்க்கக்கூடிய மாற்றம் இது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய பெரிய தாய் மரணத் தடுப்புத் திட்டமும் இந்த வகைக் குறியீடுகளின் மீதே கட்டப்பட்டது. கேட்ஸ் அறக்கட்டளை அதற்கு 5 கோடி டாலர் கொடுத்தது. மரணத்தைக் குறைப்பதாக எண் போட்டுக் காட்டாவிட்டால் பணம் வராது என்பவர்களுக்கு இதுவே பதில்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. செயல்முறையை அளந்தால், எண்ணுக்காக வேலை செய்யும் பழக்கம் வந்துவிடாதா? வரும். இந்தியாவில் மருத்துவமனைப் பிரசவத்துக்கு ஊக்கத்தொகை தரும் ஜனனி சுரக்ஷா யோஜனா 2005இல் தொடங்கிய பிறகு மருத்துவமனைப் பிரசவங்கள் 38.7 சதவீதத்திலிருந்து 2019–21இல் 88.6 சதவீதமாக உயர்ந்தன. அந்த வேகத்தில் வார்டுகளின் தரம் உயரவில்லை. கட்டிலுக்கு வந்து சேர்ந்ததை மட்டும் எண்ணினால், கட்டிலில் என்ன நடந்தது என்பது மறைந்துபோகும். ஆகவே உயிருக்கு மிக அருகில் நிற்கும் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023இல் முடிவு வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு அதற்கு அழகான உதாரணம். நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் ஒரு பகுதியில், தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்து, அளவு மீறியதும் எல்லாச் சிகிச்சைகளையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இடம்பெற்ற அந்த ஆய்வே மரணத்தை மட்டும் நம்பவில்லை. ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்த இழப்பு, ரத்தப்போக்கை நிறுத்த வயிற்று அறுவை, ரத்தப்போக்கால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவாக எடுத்துக்கொண்டது. வழக்கமான சிகிச்சை தந்த மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால், அந்த முடிவு 60 சதவீதம் குறைவாக இருந்தது.

மாணவர் ப்ரொபோசலைத் தொடங்குமுன் பிரசவ வார்டின் பதிவேட்டைப் பார்க்கட்டும். தாய் வந்த நேரமும் சிகிச்சை தொடங்கிய நேரமும் பெரும்பாலும் அதில் இருக்காது. அவற்றை எழுத ஓர் ஆளும் அவருக்கு முழுச் சம்பளமும் வேண்டும். அதை முதலாண்டு பட்ஜெட்டிலேயே சேர்க்க வேண்டும். நிர்வாகச் செலவு என்று வெட்டப் பார்ப்பார்கள். திட்டச் செலவு என்ற தலைப்பின் கீழேயே போட்டு, ரத்தப்போக்கின் அந்த இரண்டு மணி நேரக் கணக்கைப் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.