உச்சியை மிதியாத வெற்றி

நேபாளத்துக்கும் இந்தியாவின் சிக்கிம் மாநிலத்துக்கும் எல்லையாக நிற்பது கஞ்சன்ஜங்கா. 8,586 மீற்றர் உயரமுடைய இது, உலகின் மூன்றாவது பெருஞ்சிகரமாகும். திபெத்திய மொழியில் இப்பெயர், ‘பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்’ எனப் பொருள்படும். மலையின் ஐந்து கொடுமுடிகளையே அது குறிக்கின்றதென்பர். இதன் கிழக்குச் சரிவிலிருந்து இறங்கும் செமு என்னும் பனியாற்றின் உருகுநீர் தீஸ்தா நதியை வளர்க்கின்றது.

1929இலும் 1931இலும் செமு வழியே ஏறிய ஜெர்மானியர், உச்சியை எய்தாமலே திரும்பினர். 1955இல் சார்ள்ஸ் எவன்ஸ் தலைமையில் வந்த பிரித்தானியக் குழுவினர், தென்மேற்கிலுள்ள யாலுங் பனியாற்று வழியைத் தேர்ந்தனர். சிக்கிம் மக்களுக்கு அம்மலை தெய்வம். ஆதலின் உச்சியை மிதிப்பதில்லையென அக்குழுவினர் முன்னரே வாக்களித்திருந்தனர்.

மே 25ஆம் நாள் ஜோ பிரவுணும் ஜோர்ஜ் பாண்டும் மேலே சென்றடைந்தனர். உச்சி சில அடி தொலைவிலேயே இருந்தது. கண்காணிப்பார் அங்கு எவருமிலர். எனினும் இருவரும் அவ்விடத்திலேயே நின்றுவிட்டனர். மறுநாள் ஏறிய நோர்மன் ஹார்டியும் ரோனி ஸ்ட்ரீதரும் அவ்வாறே செய்தனர். பின்வந்தோர் பலரும் அம்மரபைப் போற்றினர்.

மாணவர்களே, மலையை வென்றவர் பலருளர். வென்ற பின்னும் தம் வாக்கைக் காத்தவர் இவர்.