பரண் கொள்ளாத பத்திரிகைகள்

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைத் துடைத்து மெழுகும் இல்லத்தரசிக்கும் ஓரிடத்தில் மட்டும் கை எழுவதில்லை. அதுதான் பழைய பத்திரிகை அடுக்கு!

மூன்று வார இதழ்களுக்குச் சந்தா கட்டினால் ஆண்டுக்கு 156 பிரதிகள், ஐந்தாண்டில் 780! பரண் நிறைகிறது, பிறகு கட்டிலடி. ராமபாணப் பூச்சியும் கரையானும் குடியேறுகின்றன.

சேர்ப்பது தவறா? இல்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் சேர்த்துப் பைண்டு செய்துகொண்ட குடும்பங்கள் பல. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களையும் இதழ்களையும் கொண்டே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஆனால் அவர் தேடிச் சேர்த்தார், பேணிக் காத்தார். பரணில் கட்டிப்போட்டு மறப்பது சேகரிப்பு ஆகாது.

சந்தாவைப் புதுப்பிக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். சென்ற மூன்று மாத இதழ்களை எடுத்துப் பாருங்கள். உறை பிரியாமலே கிடப்பதை நிறுத்திவிடலாம். மூலை மடங்கி, கை அழுக்கேறியதை விடவேண்டாம். பழையவற்றில் வேண்டிய பக்கங்களை மட்டும் பைண்டு செய்துகொண்டு, மற்றவற்றை எடைக்குப் போடலாம். மிக அரியவை நூலகத்துக்குப் போகட்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தாத்தா படிக்கும் பத்திரிகையை அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். வாரம் தவறாமல் அவரைத் தேடி வரும் விருந்தாளி ஒருவேளை அது ஒன்றாகவே இருக்கலாம்!