எக்ஸ்பாக்ஸ் எலைட் கன்ட்ரோலர்

எக்ஸ்பாக்ஸ் எலைட் கன்ட்ரோலர் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காகவும் விண்டோஸ் கணினிக்காகவும் தயாரித்து விற்கும் உயர்விலை ஆட்டக் கட்டுப்படுத்தி ஆகும். கைக்கு ஏற்பவும் ஆடும் ஆட்டத்திற்கு ஏற்பவும் இதன் உறுப்புகளைக் கழற்றி மாற்றலாம். எந்த விசை எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதையும் ஆடுபவரே முடிவு செய்துகொள்ளலாம். முதல் பதிப்பு 2015 சூன் மாதம் ஈ3 கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை 150 அமெரிக்க டாலர். சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் விலையைப் போல இது இரு மடங்குக்கும் மேல். இரண்டாம் பதிப்பு 2019 நவம்பர் 4 அன்று 180 டாலருக்கு வெளிவந்தது. இந்திய மதிப்பில் அது 15,000 ரூபாயைத் தாண்டும்.

ஓர் ஆட்டக் கைப்பிடிக்கு இவ்வளவு விலையா என்ற கேள்வி பெற்றோருக்கு எழுவது இயல்பு. அதற்கு விடை காண, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எது முதலில் கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னணி

1990களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் தொலைக்காட்சியில் செருகி ஆடும் 'வீடியோ கேம்' பெட்டிகள் பரவின. அவை பெரும்பாலும் ஜப்பானின் நின்டெண்டோ கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள். அவற்றின் கட்டுப்படுத்தியில் இடப்பக்கம் ஒரு சிலுவை வடிவத் திசை விசையும் வலப்பக்கம் இரண்டு அல்லது நான்கு பொத்தான்களும் இருந்தன. சிலுவை வடிவத் திசை விசையை உருவாக்கியவர் நின்டெண்டோவின் பொறியாளர் குன்பெய் யோகோய். அது 1982இல் வந்த கையடக்க 'டாங்கி காங்' ஆட்டத்தில் முதலில் இடம்பெற்றது. கேசட்டை வாயால் ஊதிப் போட்டு ஆடிய அந்தத் தலைமுறைக்கு இரண்டு கட்டைவிரல்களே போதுமானவையாக இருந்தன.

ஆட்டங்கள் முப்பரிமாணத்திற்கு மாறியபோது நிலைமை மாறியது. நடப்பதற்கு ஓர் ஆட்டுகோல், பார்வையைத் திருப்புவதற்கு இன்னோர் ஆட்டுகோல் என இரண்டு தேவைப்பட்டன. பேச்சு வழக்கில் இவை ஸ்டிக் எனப்படுகின்றன. சோனி நிறுவனம் 1997இல் இரட்டை ஸ்டிக் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றைய கட்டுப்படுத்திகள் அனைத்தும் ஏறக்குறைய அந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன.

இதில் ஒரு குறை உண்டு. வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்பும் ஸ்டிக்கின் மேல் இருக்கும். தாவுவதற்கோ குனிவதற்கோ அதே விரலை எடுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு கணம் குறி பார்க்க முடியாது. ஆனால் கட்டுப்படுத்தியைத் தாங்கிப் பிடிக்கும் நடுவிரலும் மோதிர விரலும் சும்மா இருக்கின்றன. அவற்றுக்கும் வேலை கொடுத்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பின்பக்க விசைகள் பிறந்தன. இவற்றைப் பெரிய அளவில் வணிகமாக்கியது அமெரிக்காவின் ஸ்கஃப் கேமிங் நிறுவனம். அதன் காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றே மைக்ரோசாப்ட் எலைட்டின் பின்பக்க விசைகளை அமைத்தது. அத்தகைய உரிமம் பெறாமல் ஸ்டீம் கன்ட்ரோலரை வெளியிட்ட வால்வ் நிறுவனம், 2021 பிப்ரவரியில் 40 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க நடுவர் குழுவால் தீர்ப்பளிக்கப்பட்டது. கைப்பிடியின் முதுகில் வைக்கும் ஒரு சிறு நெம்புவிசைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

அமைப்பு

எலைட் கன்ட்ரோலரின் பின்புறம் நான்கு உலோகத் தகடுகள் உள்ளன. துடுப்பு போன்ற வடிவம் கொண்டிருப்பதால் இவை பேடில் எனப்படுகின்றன. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் இவற்றை வேண்டாதவர்கள் இழுத்து எடுத்துவிடலாம். ஸ்டிக்குகளின் தலைப்பகுதியும் அவ்வாறே காந்தத்தால் பொருந்துகிறது. குழிந்த தலை, குவிந்த தலை, உயரமான தண்டு எனப் பல வகைகள் பெட்டியிலேயே வருகின்றன. தண்டு உயரமாக இருந்தால் விரல் நகரும் தூரம் கூடும். எனவே சிறிய கோண மாற்றத்தையும் நுட்பமாகச் செய்யலாம். தொலைவிலிருந்து குறிபார்க்கும் ஆட்டங்களில் இது பயன்படுகிறது. திசை விசைக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. வழக்கமான சிலுவை ஒன்று, தட்டு போன்ற பல பட்டை கொண்டது இன்னொன்று. சண்டை ஆட்டங்களில் விரலை வட்டமாகச் சுழற்ற வேண்டியிருப்பதால் அங்குத் தட்டு வடிவம் எளிது.

ஆள்காட்டி விரல்களுக்குரிய டிரிகர் விசைகளில் ஒரு பூட்டு இருக்கிறது. வண்டி ஓட்டும் ஆட்டத்தில் முடுக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த முழு நீளம் தேவை. சுடும் ஆட்டத்தில் அந்த நீளம் வீண். பூட்டைத் தள்ளினால் விசை பாதி வழியிலேயே நின்றுவிடும். இரண்டாம் பதிப்பில் இதற்கு மூன்று நிலைகள் உள்ளன.

முதல் பதிப்பு இரண்டு பென்சில் பேட்டரிகளில் இயங்கியது. புளூடூத் வசதி அதில் இல்லை. இரண்டாம் பதிப்பில் உள்ளேயே மின்னேற்றம் செய்யக்கூடிய மின்கலம் வைக்கப்பட்டது. ஒருமுறை ஏற்றினால் 40 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனம் கூறுகிறது. புளூடூத் சேர்ந்தது. ஸ்டிக்கின் விறைப்பைச் சிறு கருவி கொண்டு திருகிக் கூட்டவோ குறைக்கவோ வழி செய்யப்பட்டது. எடுத்துச் செல்லும் உறையைத் திறக்காமலே மின்னேற்றவும் முடியும். 2022 செப்டம்பரில் 'கோர்' என்ற மலிவுப் பதிப்பு 130 டாலருக்கு வந்தது. அதில் பேடில்களும் கூடுதல் ஸ்டிக் தலைகளும் இல்லை. அவற்றைத் தனியே 60 டாலருக்கு வாங்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் முழுப் பதிப்பின் விலையை விட 10 டாலர் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவை கையால் மாற்றக்கூடியவை. மென்பொருளால் மாற்றக்கூடியவை இன்னும் பல. எக்ஸ்பாக்ஸ் அக்சஸரீஸ் என்ற செயலியைக் கணினியிலோ எக்ஸ்பாக்ஸ் கருவியிலோ திறந்து, ஒவ்வொரு விசைக்கும் வேலை ஒதுக்கலாம். ஸ்டிக்கை எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு வேகம் என்ற வளைகோட்டையும் மாற்றலாம். தேர்ந்தெடுத்த அமைப்புகள் கட்டுப்படுத்தியின் நினைவகத்திலேயே பதிவாகின்றன. முதல் பதிப்பில் இரண்டு, இரண்டாம் பதிப்பில் மூன்று அமைப்புகளை வைத்துக்கொண்டு ஆட்டத்தின் நடுவிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம்.

ஸ்டிக் விலகல்

எலைட் மட்டுமன்றி ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் கட்டுப்படுத்திகளையும் பாதிக்கும் நோய் ஒன்று உண்டு. விரலே வைக்காதபோதும் திரையில் ஆள் தானாக நடப்பான், அல்லது பார்வை மெல்ல ஒரு பக்கம் நகரும். இது ஆங்கிலத்தில் 'ஸ்டிக் டிரிஃப்ட்' எனப்படுகிறது.

இதன் காரணம் எளியது. ஒவ்வொரு ஸ்டிக்கின் அடியிலும் இரண்டு மாறு மின்தடைகள் உள்ளன. ஒன்று இடம் வலம், மற்றது மேல் கீழ் அசைவை அளக்கிறது. மாறு மின்தடையில் ஒரு கரிப்பூச்சுத் தடமும் அதன் மேல் உராய்ந்து நகரும் உலோக முனையும் இருக்கும். முனை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அதைக் கொண்டே ஸ்டிக்கின் நிலை கணக்கிடப்படுகிறது. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழும் இதே அமைப்புதான். நாளான வானொலியில் குமிழைத் திருகும்போது 'கரகர'வென்று சத்தம் வருமே, அது தடம் தேய்ந்ததாலும் தூசி படிந்ததாலும் ஏற்படுவது. ஸ்டிக் விலகல் என்பது அந்தக் கரகரப்பின் கண்ணால் காணும் வடிவம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ள அரியலூர்ப் பகுதி போன்ற தூசி மிகுந்த இடங்களில், ஆடி முடித்ததும் கட்டுப்படுத்தியை உறையிலிட்டு வைப்பது நல்லது.

செயலியில் 'செயலற்ற வட்டம்' ஒன்றைப் பெரிதாக்கி, நடுப்பகுதியின் சிறு அசைவுகளைக் கணக்கில் எடுக்காமல் விடச் செய்யலாம். ஆனால் அது நோயை மறைப்பதே தவிர மருந்தாகாது. நுட்பமான அசைவுக்காகவே கூடுதல் விலை கொடுத்தவருக்கு அந்த நுட்பம் அங்கே பறிபோகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2020 ஏப்ரலில் இக்குறை தொடர்பாக மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் அவ்வழக்கில் சாதாரணக் கட்டுப்படுத்திகளும் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட், எலைட் இரண்டாம் பதிப்பின் உத்தரவாதக் காலத்தை 90 நாளிலிருந்து ஓராண்டாக நீட்டியது. 180 டாலர் பொருளுக்கு முதலில் மூன்று மாத உத்தரவாதம் மட்டுமே இருந்தது என்பது வியப்புக்குரியது. நின்டெண்டோவின் ஜாய்கான் கட்டுப்படுத்திகளிலும் இதே குறை பரவலாக இருந்ததால், 2020 சூனில் அந்நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

சோனி இதற்கு வேறு வழி கண்டது. 2023 சனவரி 26 அன்று 200 டாலருக்கு வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜ் கட்டுப்படுத்தியில், ஸ்டிக் கெட்டால் அந்தப் பகுதியை மட்டும் கழற்றி 20 டாலர் கொடுத்துப் புதிதாகப் பொருத்தலாம். உள்ளே இருப்பது அதே தேயும் மாறு மின்தடைதான். தேயாதபடி செய்யாமல், தேய்ந்ததை எளிதில் மாற்றும்படி செய்தார்கள். நேர்மையான அரைத் தீர்வு எனலாம்.

முழுத் தீர்வுக்கு அருகில் வருவது காந்த உணரி. மின்னோட்டம் செல்லும் கடத்தியின் அருகே காந்தப்புலம் இருந்தால் குறுக்குவாட்டில் ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்தார். ஸ்டிக்கின் அடியில் ஒரு சிறு காந்தத்தை வைத்து, அது நகரும்போது மாறும் புலத்தை உணரி அளந்தால் போதும். எதுவும் எதனோடும் உராய்வதில்லை, ஆகவே அளக்கும் பகுதி தேய்வதில்லை. இது புதுமையும் அல்ல. சேகா நிறுவனம் 1990களிலேயே தன் கட்டுப்படுத்திகளில் இதைப் பயன்படுத்தியது. எக்ஸ்பாக்ஸ் கட்டுப்படுத்திகளின் டிரிகர்களிலும் காந்த உணரிதான் இருக்கிறது. டிரிகருக்குக் கிடைத்த அந்த வசதி, எலைட்டின் ஸ்டிக்குக்கு மட்டும் ஏனோ கிடைக்கவில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் ஆடுவோரில் மிகப் பெரும்பாலோர் கைப்பேசியில் ஆடுபவர்களே. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் ஒரு மாணவர் கட்டுப்படுத்தி வாங்குவதென்றால், அது பெரும்பாலும் மடிக்கணினியில் செருகி ஆடுவதற்காகவே இருக்கும். காஸ்மிக் பைட், எவோபாக்ஸ், ரெட்கியர் போன்ற இந்திய வணிகப் பெயர்களில் வரும் கட்டுப்படுத்திகள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. இவற்றுள் சில மாதிரிகளில் ஸ்டிக்கிலேயே காந்த உணரி இருப்பது குறிப்பிடத்தக்கது. பின்பக்க விசை உள்ளவையும் உண்டு. கட்டுமானத் தரத்திலும், பொத்தான் அழுத்தும் உணர்விலும், மென்பொருளிலும் இவை எலைட்டுக்கு ஈடாகா. ஆனால் முதலில் கெடும் உறுப்பைப் பொறுத்தவரை விலை குறைந்தது விலை கூடியதை வெல்கிறது.

உத்தரவாதம் முடிந்த எலைட் கெட்டுப்போனால் வீசிவிட வேண்டியதில்லை. ஸ்டிக் தொகுதி மின்சுற்றுப் பலகையில் 14 இடங்களில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றின் ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் பழையதை அகற்றி, புதிய தொகுதியை வைத்துப் பற்றவைக்கலாம். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் சால்டரிங் வேலையில் கை தேர்ந்தவருக்கு இது புதிதல்ல. தொகுதியின் விலையும் சொற்பமே. ஆனால் எலைட்டைத் திறப்பது சாதாரணக் கட்டுப்படுத்தியைத் திறப்பதை விடச் சிக்கலானது. விறைப்பை மாற்றும் அமைப்பு உள்ளதால் இரண்டாம் பதிப்பின் ஸ்டிக் தொகுதியும் வழக்கமான வகை அன்று. கடைக்காரரிடம் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். உத்தரவாதக் காலத்திற்குள் திறந்தால் உத்தரவாதத்தை இழக்க நேரிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பயன்

விசைகளை இடம் மாற்றும் வசதி போட்டியாளர்களுக்காக உருவானாலும், அதன் உண்மையான தேவை வேறு சிலருக்கே அதிகம். ஒரு கை மட்டும் இயங்குபவர், விரல்களை முழுதாக மடக்க முடியாதவர், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்குத் தொழிற்சாலை வகுத்த விசை அமைப்பு ஒரு பூட்டிய கதவு. பேடிலில் எல்லா வேலைகளையும் ஏற்றிக்கொண்டு ஆடியவர்கள் இருந்தனர். விசை மாற்றும் வசதி பின்னர் சாதாரண எக்ஸ்பாக்ஸ் கட்டுப்படுத்திகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இரண்டு கட்டுப்படுத்திகளை ஒன்றாகக் கருதி இருவர் சேர்ந்து ஓர் ஆளை இயக்கும் 'கோபைலட்' வசதியும் வந்தது.

2018 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் 100 டாலருக்கு எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளியிட்டது. மடியிலோ மேசையிலோ வைக்கக்கூடிய பலகை போன்ற இதில் இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள் உண்டு. பின்புறத்தில் 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19 உள்ளன. காதொலிப்பான் செருகும் அதே அளவுத் துளைகள் அவை. காலால் மிதிக்கும் விசை, கன்னத்தால் தொடும் விசை, வாயால் ஊதி இயக்கும் விசை என எதையும் அவற்றில் செருகலாம். ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல்எஃபெக்ட் முதலிய தொண்டு அமைப்புகளின் துணையோடு இது வடிவமைக்கப்பட்டது. சோனி 2023 டிசம்பர் 6 அன்று இதே நோக்கில் 90 டாலருக்கு ஆக்சஸ் கன்ட்ரோலரை வெளியிட்டது. செருகும் விசைகளைப் பெரும்பாலும் தனியே வாங்க வேண்டும் என்பதால் மொத்தச் செலவு கூடும். ஆனால் 3.5 மில்லிமீட்டர் செருகி எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். அழைப்பு மணிப் பொத்தான் ஒன்றை இரண்டு கம்பிகளால் அச்செருகியோடு இணைத்தாலே ஒரு விசை தயார். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் மின்சுற்று அமைத்துப் பழகிய மாணவர் எவராலும் இதைச் செய்ய முடியும்.