தோல் வாங்கும் முன் காகிதத்தை விரியுங்கள்!

திருப்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். ஆர்டர் குறைந்த மாதங்களில் இருவர் கையிலும் வேலை இல்லை.

"தோல் பை தைத்து விற்றால் என்ன?" என்று மனைவிக்கு ஓர் எண்ணம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் 3 ஆயிரம் ரூபாய் இருக்கிறது.

இப்படி ஒரு குடும்பம் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அது உங்கள் குடும்பமாகவும் இருக்கலாம்!

அந்தப் பணம் முதல் நாளே தோல் கடையில் வீணாகிவிடக் கூடாது. அதற்கு என்ன வழி?

துணி வேறு, தோல் வேறு

பனியன் துணியைக் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். நல்ல துணி என்றால் ரோலின் இந்த முனையும் அந்த முனையும் ஒன்றுபோல இருக்கும்.

தோல் அப்படி அல்ல. அதைப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம் உள்ள இடம் ஒரு சதுர அடி. ஆட்டுத் தோல் ஒன்று பெரும்பாலும் 4 முதல் 6 சதுர அடி இருக்கும். மாட்டுத் தோல் இன்னும் பெரியது.

ஒரே தோலில் இடத்துக்கு இடம் குணம் மாறும். முதுகுப் பகுதி கெட்டியாக இருக்கும். இழுத்தால் அதிகம் நீளாது. வயிற்றுப் பகுதி தொளதொள என்று இருக்கும். கழுத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். ஓரத்தில் கால் பகுதி வால் போல நீண்டிருக்கும்.

அளக்கும்போது வயிறு, கழுத்து, கால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விலை!

எது மலிவு?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இது கணக்குக்காகச் சொல்லும் விலை. சந்தை விலை அல்ல.

ஒரு பைக்கு 4 சதுர அடி நல்ல தோல் வேண்டும். கடையில் இரண்டு தோல்கள் இருக்கின்றன. இரண்டும் 10 சதுர அடி.

முதல் தோல் அடி 60 ரூபாய். ஆனால் ஓட்டையும் வடுவும் அதிகம். 4 அடிதான் தேறும். 600 ரூபாய்க்கு ஒரே பை!

இரண்டாவது தோல் அடி 90 ரூபாய். அதில் 8 அடி தேறும். 900 ரூபாய்க்கு இரண்டு பை. ஒரு பைக்கு 450 ரூபாய்தான்!

விலை குறைந்த தோல், பை கணக்கில் விலை கூடிவிட்டது. ஆகவே அடிக் கணக்கைப் பார்க்காதீர்கள். பைக் கணக்கைப் பாருங்கள்.

காகிதமே காவல்

இதைக் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கட்டிங் மாஸ்டர் அறிந்த வழியே போதும்.

பையின் ஒவ்வொரு பாகத்தையும் பழைய செய்தித்தாளில் வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், அடி, மூடி, வார் என்று எல்லாம் இருக்கட்டும். அவற்றை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.

"ஏனுங்க, முழுத் தோலையும் விரிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். சுருட்டிய தோலை அப்படியே வாங்காதீர்கள். காகிதங்களைத் தோல்மீது பரப்புங்கள். எத்தனை பை வரும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வாருக்கு முதுகுப் பகுதியை நீளவாக்கில் ஒதுக்குங்கள். வயிற்றுப் பகுதியில் வெட்டிய வார், சுமை தொங்கத் தொங்க நீண்டுவிடும். முன்பக்கமும் மூடியும் வடு இல்லாத இடத்தில் வரட்டும்.

சிறிய கீறல் உள்ள இடம் வீண் அல்ல. அது உள்பைக்கு ஆகும். ஓட்டைக்கு ஓரமாக மிஞ்சும் துண்டில் சாவிக்கொத்து செய்யலாம். இப்படிப் பார்த்து வெட்டத் தெரிந்தவருக்கு இரண்டாம் தரத் தோலும் லாபம் தரும்.

இரண்டு வகைப் பதம்

பச்சைத் தோல் அழுகிவிடும். அது அழுகாமல் இருக்கவே பதனிடுகிறார்கள்.

ஒன்று, மரப்பட்டை முறை. நம் பக்கத்து ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பேர் போனவை. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் இப்படிப் பதனிட்ட தோல் 'ஈ.ஐ. தோல்' என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இது வெளிறிய பழுப்பு நிறம். விறைப்பாக நிற்கும். கை படப் பட நிறம் ஏறும். ஆனால் தண்ணீர் பட்டால் கறை விழும்.

மற்றொன்று, குரோம் உப்பு முறை. இந்தத் தோல் மிருதுவாக இருக்கும். பல நிறங்களில் கிடைக்கும். தண்ணீரை ஓரளவு தாங்கும்.

விறைப்பான கைப்பைக்குப் பட்டைத் தோல். துவளும் தோள்பைக்குக் குரோம் தோல்.

கனத்தையும் கேளுங்கள். பை உடம்புக்கு ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் போதும். மணிபர்சுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம்.

ஏமாறாமல் இருக்க

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நல்ல தோலில் நார் நாராகத் தெரியும். மேலே மட்டும் பிளாஸ்டிக் ஏடு போலத் தனியாகத் தெரிந்தால் உஷார்! தடித்த தோலை எந்திரத்தில் இரண்டு ஏடாகப் பிளப்பார்கள். மேல் ஏடுதான் பலமானது. கீழ் ஏட்டுக்குப் பூச்சுப் பூசி மேல் ஏடு போல விற்பதும் உண்டு.

தோலை மடித்து அழுத்துங்கள். பூச்சு வெடிக்கக் கூடாது.

ஈர வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் நாளை வாடிக்கையாளர் சேலையிலும் ஒட்டும். சாயம் நிற்கிறதா என்று பார்ப்பதைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டுமா?

சிறு துணுக்கைக் கொளுத்திப் பாருங்கள். தோல் என்றால் முடி கருகும் நாற்றம் வரும். ரெக்சின் உருகிப் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும்.

எங்கே வாங்கலாம்?

சென்னையில் தோல் வியாபாரத்துக்குப் பெரியமேடு. தோல் ஆலைகள் நிறைந்த ஊர்கள் வாணியம்பாடியும் ஆம்பூரும். இரண்டும் திருப்பூரிலிருந்து சென்னை போகும் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. இன்னும் கிட்டத்தில் ஈரோடு.

காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் கிடைக்கிறது அல்லவா? அதுபோலத் தோலிலும் மிஞ்சிய சரக்கு உண்டு. அதைக் கேளுங்கள். ஆனால் அதே தோல் மறுபடி கிடைக்காது. பத்துப் பைக்கு ஆர்டர் இருந்தால் பத்துக்கும் சேர்த்து வாங்குங்கள்.

சென்னை அடையாற்றில் 1948-ல் அமைக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். அந்தத் தோலைப் பதனிட்ட ஆலை கழிவுநீரைச் சுத்தம் செய்கிறதா? சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது ஊரே தவித்தது. தோல் கழிவால் பாலாறும் அப்படித்தான் கெட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

முதல் பை கையால்

துணியில் தையல் தவறினால் பிரித்துவிடலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான்! குண்டூசி குத்தினாலும் வடு நிற்கும். கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள்.

பனியன் தைக்கும் எந்திரம் தடித்த தோலுக்கு ஆகாது. அதற்காகக் கடன் வாங்கிப் புது எந்திரம் வாங்கவும் வேண்டாம். குத்தூசி, இரண்டு ஊசி, மெழுகு நூல் போதும். உள்துணிக்குப் பனியன் துணி வேண்டாம், இழுபடும். பல்லடம், சோமனூர் விசைத்தறித் துணி நல்லது.

மிஞ்சிய தோலை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அந்த 3 ஆயிரம் ரூபாயில் முதல் தடவை ஆயிரத்துக்கு மேல் தோலில் போட வேண்டாம். ஒரு பை தைத்து, அதை வீட்டிலேயே இரண்டு மாதம் தூக்கிப் பாருங்கள். வார் நீண்டதா? சாயம் போனதா? பிறகு அடுத்த தோல் வாங்கலாம்.

மறக்காமல் காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள்!