வேலையை விடும் முன் ஒரு போகம்

போன மாதம் இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் ஆசிரியர் தனியாக எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். 'கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற விஷயமில்லை, கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்' என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார்.

எழுதியவர் பெருங்களத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். வயது 34. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் 80 சென்ட் நிலம் இருக்கிறது. கிணறும் மின் இணைப்பும் உண்டு. அப்பா நெல் போடுகிறார், ஆனால் முன்போல முடியவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கம்பெனியில் தெரிந்தால் சங்கடம்தானே.

"வேலையை விட்டுவிட்டு முழுநேர விவசாயத்தில் இறங்க ஆசை. மல்லி போடலாம் என்றிருக்கிறேன். யூடியூப்பில் நிறைய பார்த்துவிட்டேன். தைரியம்தான் வர மாட்டேன் என்கிறது. எப்போது வேலையை விடலாம்?"

இதுதான் அவர் கேள்வி. இதே கேள்வியை 15 வருஷத்துக்கு முன் ஒருவர் என்னிடம் நேரில் கேட்டார். நான் சொன்ன பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் சூப்பர்வைசர். ஒரு கிராமத்தில் நாங்கள் நடத்திய பயிற்சிக் கூட்டத்துக்கு வந்திருந்தார். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, "சார், ஒரு ஏக்கர் இருக்குது, எறங்கிடலாமா?" என்றார். அன்று நான் நன்றாகப் பேசிவிட்ட உற்சாகத்தில் இருந்தேன். "துணிஞ்சு எறங்குங்க, மண்ணு கைவிடாது" என்றேன். பி.எஃப். பணத்தை எடுத்து ஒரு ஏக்கர் முழுக்கக் குண்டுமல்லி வைத்தார். ஏக்கருக்குச் சுமார் 2,500 செடி. செடி நன்றாகவே வந்தது. எருவிலோ தண்ணீரிலோ பூச்சி மருந்திலோ அவர் குறை வைக்கவில்லை.

மொட்டைச் சூரியன் வருவதற்குள் பறித்தாக வேண்டும். நேரம் தவறிப் பறித்த பூவுக்கு விலை இல்லை. சீசனில் தினமும் விடியலில் ஆள் வேண்டும். அந்த ஊரில் பறிக்கப் போகக்கூடிய பெண்களை எல்லாம் அதே விடியலில் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போனது. மாதச் சம்பளம், கேன்டீன் சாப்பாடு என்று இருக்கிறபோது, இருட்டில் டார்ச் கட்டிக்கொண்டு பூப்பறிக்க யார் வருவார்கள்? அவரும் மனைவியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் பறித்தார்கள். பாதிப் பூ செடியிலேயே மலர்ந்து கொட்டியது. மூன்றாவது வருஷம் செடியை வெட்டிப் போட்டார். இப்போது தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறார். நான் அந்த வழியாகப் போனால் எழுந்து நின்று "வணக்கம் சார்" என்பார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் அவரிடம் எத்தனை ஏக்கர், என்ன மண், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பணம் என்றெல்லாம் கேட்டேன். "விடிகாலையில் உங்களிடம் எத்தனை கை இருக்கிறது?" என்று மட்டும் கேட்கவில்லை. விவசாயத்தில் நாம் ஏக்கரைக் கணக்குப் போடுகிறோம், மூட்டையைக் கணக்குப் போடுகிறோம். மணி நேரத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. நம் சொந்த உழைப்புக்குக் கூலி கிடையாது என்பதால் அதற்கு அளவும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வேலையை உதறிவிட்டு மண்ணுக்கு வந்தவர்கள் என்றதும் எல்லோரும் நம்மாழ்வார் அய்யாவைச் சொல்வார்கள். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர், அங்கே செய்கிற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று 1969-ல் அரசு வேலையை விட்டார். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட பத்து வருஷம் களக்காடு பகுதியில் 'அமைதித் தீவு' என்ற தொண்டு நிறுவனத்தில் வேளாண் பணியாளராகக் கிராமம் கிராமமாக வேலை செய்தார் என்ற மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குத்தான் போனார். விவசாயிகளின் கூடவே இருந்து பார்த்தார். நாம் அறிந்த நம்மாழ்வார் அதற்கும் வெகுகாலம் கழித்து உருவானவர். வேலையை விட்ட காலையைத்தான் கதையாகச் சொல்கிறோம். பத்து வருஷத்தைக் கதையாகச் சொல்வது சிரமம்.

நெல் ஜெயராமன் செய்ததும் அப்படித்தான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கியபோது கையில் இருந்த பாரம்பரிய ரகங்கள் கொஞ்சம்தான். விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இதுதான் அவர் வைத்திருந்த முதல். 2018 டிசம்பரில் அவர் காலமானபோது மீட்கப்பட்டிருந்த ரகங்கள் 174. அவசரமே இல்லாத கணக்கு அது, ஆனால் ஒரு போகம்கூட விட்டுப்போகாத கணக்கு.

பெரியவர்களின் கதை இருக்கட்டும். நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அகரம்தென் பக்கம் ஒரு அம்மா. கல்லூரி விடுதிச் சமையலறையில் காலை 9 மணியிலிருந்து 4 மணி வரை வேலை. வீட்டுக்குப் பின்னால் 15 சென்ட் இருந்தது. உழவர் சந்தையில் சொந்தமாகக் கடை போட்டுக் கீரை விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் 15 சென்டிலும் ஒரே நாளில் சிறுகீரை விதைத்துவிட்டார். இருபத்தைந்தாம் நாள் மொத்தமும் ஒன்றாகப் பறிப்புக்கு வந்து நின்றது. பறிக்க நேரமில்லை, விற்க ஆளில்லை. பாதி முற்றிப் போய் மாட்டுக்குப் போனது.

நான் போனபோது அவரே அதைச் சரி செய்திருந்தார். ஐந்து ஐந்து சென்டாக மூன்று துண்டு. முதல் துண்டில் விதைத்துப் பத்து நாள் கழித்து அடுத்தது, பிறகு மூன்றாவது. சென்டுக்கு 10 கிராம் விதை, மணலோடு கலந்து தூவுகிறார். பையனின் பழைய நோட்டில் கோடு போட்டு ஒரு கணக்கு வைத்திருந்தார். தேதி, எந்தத் துண்டு, என்ன வேலை, எவ்வளவு நேரம், எத்தனை கட்டு. அதைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கிற பதிவேட்டில் அந்த நேரக் கட்டம் கிடையாது.

"கள எடுக்கத்தான் சார் உசுரு போவுது. பறிக்கிறத விட அதுக்குத்தான் நேரம் ஜாஸ்தி. எழுதற வரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல" என்றார்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஒரு துண்டை அரைக்கீரைக்கு மாற்றினார். அது ஒருமுறை விதைத்தால் மறுபடி மறுபடி அறுக்கலாம். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பாத்தி பிடிக்கிற வேலை குறைந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைத்தால் அடித்துக்கொண்டு போகிறது என்று அந்த இரண்டு மாதத்தை விட்டுவிட்டார். அந்த மாதங்களில் பாத்தியைச் செப்பனிட்டு, எரு சேர்த்து வைத்தார். மூன்றாவது வருஷம் பக்கத்தில் 30 சென்ட் குத்தகைக்குப் பிடித்தார். நிலத்தைப் பார்த்து, சாகுபடி உண்டு என்று உறுதி செய்த பிறகுதான் உழவர் சந்தை அட்டை தருவார்கள். அட்டை கிடைத்தால் கடைக்கு வாடகை இல்லை. அட்டை கைக்கு வந்து, இரண்டு மாதம் விற்றுப் பார்த்த பிறகே விடுதி வேலையை விட்டார். இப்போதும் அந்த நோட்டுப் பழக்கத்தை விடவில்லை.

இப்போது பெருங்களத்தூர் நண்பருக்கு வருகிறேன்.

தம்பி, வேலையை இப்போது விட வேண்டாம். மல்லியும் இப்போது வேண்டாம். உங்கள் ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காலை 6 மணிக்கு மெஷின் முன்னால் நிற்க வேண்டிய வாரத்தில் மல்லி உங்களுக்காகக் காத்திருக்காது. பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது எது அதிக விலை போகும் என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். எந்தப் பயிர் உங்கள் ஓய்வு நேரத்துக்கு ஒத்து வரும் என்பதை முதலில் பாருங்கள். முருங்கையை நாலு நாள் தள்ளிப் பறித்தால் பெரிய நஷ்டமில்லை. கறிவேப்பிலையும் அப்படித்தான். இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுவடை, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். பூவும் வெண்டையும் கத்தரியும் அப்படி இல்லை. வெண்டையை இரண்டு நாள் விட்டால் நார்.

80 சென்டில் 60 அப்பாவிடமே இருக்கட்டும். நெல்லை நிறுத்தச் சொல்லாதீர்கள். 20 சென்டை மட்டும் உங்கள் பெயரில் எடுத்துக்கொண்டு, தையிலிருந்து ஒரு போகம் பாருங்கள். அதற்கு ஒரு நோட்டு. அதில் பயண நேரத்தையும் எழுத வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில், அங்கிருந்து பஸ், பிறகு நடை என்று போய்வர மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று தடவை போனால் 9 மணி நேரம். 16 வாரத்தில் 144 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 18 நாள், மண்வெட்டியைத் தொடாமலே ரோட்டில் போகிறது. இதைத் தாளில் பார்த்த பிறகு, 'குடும்பத்தோடு ஊருக்கே குடிபோக முடியுமா, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்' என்ற உண்மையான கேள்வி எழும். அதை வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், மல்லி இருக்கிறது. அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வேலையைக் குறைக்கிற வழிகளை முதல் போகத்திலேயே செய்துவிடுங்கள். சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு. தண்ணீர் கட்டுகிற நேரமும் களையெடுக்கிற நேரமும் இரண்டுமே அதில் குறையும். மானியத் திட்டங்களை உழவன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். ஆடு, கோழி எண்ணம் இருந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது, பயிற்சி தேதியைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

"வாரத்துக்கு ஒரு நாளில் என்ன சார் ஆகும்?" என்று சிலர் கேட்பார்கள். உரம், பூச்சி மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருஷப் பட்டயப் படிப்பு ஒன்று இருக்கிறது, தேசி என்பார்கள். கடைக்கு விடுமுறையான நாளில் மட்டும் வகுப்பு. 48 வாரத்தில் 80 பாட வகுப்பு, 8 வயல் பயணம். கடையை ஒரு நாளும் கூடுதலாக மூடாமல் படித்து முடித்தவர்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் அதில் உண்டு.

நான் தாம்பரத்தில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குகிறவன். கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. அதில் எத்தனை பேர் எத்தனை பரீட்சைக்குப் படித்திருப்பார்கள் என்று நினைப்பேன். நானோ பல வருஷம் அந்த முக்கால் மணி நேரத்தை போனில் கரைத்தேன். நம் பகுதி வயல் களைகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுத வேண்டும் என்று பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஆசை. ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த அம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகு, ரயிலில் ஒரு நடைக்கு ஒரு களை என்று எழுத ஆரம்பித்தேன். 41 களை முடிந்திருக்கிறது. உட்கார இடம் கிடைக்காத நாளில் எழுத முடிவதில்லை, அதையும் நோட்டில் குறித்துவைக்கிறேன்.

இன்னொன்று. வேலையை விடாமல் இருப்பதே பாதுகாப்பு என்றும் நான் சொல்லவில்லை. மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த வருஷம் ஜூலையில் அங்கே கடைசிக் கார் வெளியே வந்தது. அதற்கு முந்தைய வாரம்வரை கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஊரில் நிலம் இருந்தவர்கள் சிலர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஏற்கெனவே ஒரு மூலையில் ஏதாவது செய்து பார்த்திருந்தவர்கள் என்ன உரம், எந்த ரகம் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார்கள். கம்பெனியை விடுகிற எண்ணமே இல்லாதவர்களுக்கும் இந்த 20 சென்டைத்தான் சொல்வேன்.

தம்பி, சித்திரைக் கடைசியில் உங்கள் போகம் முடிந்திருக்கும். வரவு, செலவு, மணி நேரம் மூன்றும் எழுதிய நோட்டோடு வாருங்கள். மல்லி போடலாமா என்பதை அப்போது பேசுவோம். ஊரில் விடியலில் பூப்பறிக்க வரக்கூடியவர்கள் யார் யார் என்று நேரில் கேட்டு, பெயர் பெயராக எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. திங்கள்கிழமை காலையில் அலுவலகத்தில் இருப்பேன். மற்ற நாளென்றால் போன் செய்துவிட்டு வாருங்கள், வயலில் இருப்பேன்.